லண்டன் ரவுண்ட்ஹவுஸ்: அந்தக் கட்டடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு லண்டனில் கேம்டன் சந்தையைத் தாண்டி, சாக் ஃபார்ம் சாலையோரம் வட்டமாக ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒரு தடவை கூட்டிப் போய்விடுவேன். கோவையில் கட்டடக்கலை படிக்கும் அக்கா மகனும் அவன் வகுப்புத் தோழர்களும் வாட்ஸ்அப்பில் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்குள்ள தமிழ்ப் பெற்றோர்களுக்கு வேறு சந்தேகங்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ரவுண்ட்ஹவுஸ்னா என்ன? கச்சேரி ஹாலா, பழைய ரயில்வே ஸ்டேஷனா?

இன்று அது கச்சேரி அரங்கம். நின்று பார்த்தால் 3,300 பேர், நாற்காலி போட்டால் 1,700 பேர் வரை கொள்ளும். அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இளைஞர்களுக்கான ஒலிப்பதிவு அறைகளும் பயிற்சி அறைகளும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் ரவுண்ட்ஹவுஸ். மேலே நடப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிக் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஸ்டேஷனாக அது ஒருநாளும் இருந்ததில்லை. 1847-இல் சரக்கு ரயில் இன்ஜின்களை நிறுத்திவைக்கக் கட்டினார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் லோகோ ஷெட்.

இன்ஜின் நிறுத்தற ஷெட்டை ஏன் வட்டமா கட்டணும்?

நீராவி இன்ஜினைத் திருப்புவது சிரமம். நடுவில் ஒரு சுழல் மேடை வைத்து, இன்ஜினை அதன்மேல் ஏற்றி, மேடையைச் சுழற்றி, வேண்டிய தடத்துக்கு நேராக நிறுத்தித் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் தடங்கள் விரியும். அந்த அமைப்புக்குக் கூரை போட்டால் வட்டக் கட்டடம் தானாக வந்துவிடும். அழகுக்காக யாரும் வட்டம் போடவில்லை. இதற்கு முன்பே டார்பி நகரத்தில் 1839-இல் இப்படி ஒன்று கட்டிவிட்டார்கள்.

கேம்டனில் இருப்பதன் குறுக்களவு சுமார் 48 மீட்டர். புகழ்பெற்ற ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சனின் பொறுப்பில் நடந்த பணிகளில் ஒன்று. இந்தக் கட்டடத்தின் பொறியாளர் ராபர்ட் டாக்ரே. 24 வார்ப்பிரும்புத் தூண்கள் உள்வட்டமாக நின்று கூம்புக் கூரையைத் தாங்குகின்றன. ஒரு தடம் வந்துபோக, மற்றவற்றில் 23 இன்ஜின்கள் நிற்கலாம். கூரை உச்சியில் புகை வெளியேறத் திறப்பு வைத்திருந்தார்கள். இந்தத் திறப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு செலவு பண்ணிக் கட்டிட்டு ரயில்வே ஏன் விட்டுட்டாங்க?

இன்ஜின்கள் நீண்டுகொண்டே போயின. நடுவில் இருந்த சுழல் மேடையின் நீளம் 36 அடிதான். சுமார் பத்தே ஆண்டுகளில் புதிய இன்ஜின்கள் அதில் அடங்காமல் போய்விட்டன. 1871 முதல் கில்பி என்ற மதுபான (ஜின்) கம்பெனி பல பத்தாண்டுகள் அதைச் சரக்குக் கிடங்காக வைத்திருந்தது. சுற்றிலும் ஒரு மர கேலரி வந்தது அந்தக் காலத்தில்தான்.

சாராயக் கிடங்கு எப்படி இளைஞர்கள் இடமாச்சு?

1960-இல் பிரிட்டன் தொழிற்சங்கங்களின் மாநாட்டில் கலைகளைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தீர்மானத்தின் எண் 42. நாடக ஆசிரியர் ஆர்னல்ட் வெஸ்கர் அதையே பெயராக வைத்து சென்டர் 42 என்ற அமைப்பைத் தொடங்கி, 1964-இல் இந்தக் கட்டடத்தைக் கையில் எடுத்தார். நினைத்த அளவுக்குப் பணம் திரளவில்லை. ஆனால் கட்டடத்தின் கதவு திறந்துவிட்டது.

1966 அக்டோபர் 15-ஆம் தேதி இன்டர்நேஷனல் டைம்ஸ் என்ற மாற்றுப் பத்திரிகையின் தொடக்க விழா இங்கே நடந்தது. பிங்க் ஃப்ளாய்ட், சாஃப்ட் மெஷின் என்ற ராக் குழுக்கள் வாசித்தன. அன்று போனவர்களின் நினைவுக் குறிப்புகளில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: உள்ளே ஏற ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு, ஆயிரக்கணக்கான பேருக்கு இரண்டே கழிப்பறைகள், நடுங்கவைக்கும் குளிர். 1968-இல் டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு வந்தது. 1976 ஜூலை 4 அன்று ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழு வந்தது. லண்டனில் பங்க் இசை பற்றிக்கொண்ட இரவுகளில் அதுவும் ஒன்று.

1983-இல் மூடிவிட்டார்கள். பல ஆண்டுகள் பெரும்பாலும் சும்மா கிடந்தது. 1996-இல் பொம்மைத் தொழிலில் சம்பாதித்த டார்க்வில் நார்மன் என்பவர் 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். இளைஞர்களுக்கு ஒரு படைப்புக்கூடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஜான் மகாஸ்லன் நிறுவனம் வடிவமைத்த மறுசீரமைப்பு முடிந்து 2006 ஜூனில் திறந்தார்கள்.

2006-ல அப்படி என்ன பண்ணாங்க? பார்த்தா பழசாவே இருக்கே?

அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் செய்தார்கள், அதில்தான் திறமையே இருக்கிறது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம், பிரிட்டனின் மரபுக் கட்டடப் பட்டியலில் ‘இரண்டாம் நிலை நட்சத்திரம்’ (Grade II*) என்ற வகுப்பில் இருப்பது. தூண்களையோ சுவரையோ இஷ்டத்துக்குத் தொட முடியாது. ஆனால் இன்றைய அரங்கத்துக்கு லிஃப்ட், அகலமான படிகள், கழிப்பறைகள், பார், டிக்கெட் கவுன்டர், அலுவலகம் எல்லாம் வேண்டும். 1966-இல் அங்கே இல்லாததெல்லாம் வேண்டும்.

இவை எதையும் வட்டத்துக்குள் திணிக்கவில்லை. வட்டத்தின் ஒரு பக்கத்தை ஒட்டினாற்போல வளைந்து போகும் புதிய பகுதி ஒன்றைக் கட்டி எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து போகிறவர் முதலில் நுழைவது அந்தப் புதிய பகுதியில். படியேறும்போது ஒரு பக்கம் புதுக் கண்ணாடி, மறு பக்கம் 1847-ஆம் ஆண்டுச் செங்கல். அந்தச் செங்கல் சுவரைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கையால் தொட்டுக்கொண்டே ஏறலாம். நான் ஒவ்வொரு தடவையும் தொடுவேன்.

புகைத் திறப்பைச் சொன்னேன் அல்லவா? கூரையின் கண்ணாடித் திறப்புகளையும் மீட்டெடுத்தார்கள். பகலில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் உள்ளே போனால், மேலிருந்து வெளிச்சம் இறங்கித் தூண்களின் தலையில் விழுவது தெரியும். கச்சேரி ராத்திரி மட்டும் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

வட்டமான இடத்துல சத்தம் குழம்பாதா? எங்க ப்ரொஃபசர் வட்டமே போடாதேன்னு சொல்றார்.

பேராசிரியர் சொல்வது சரி. உட்குழிந்த சுவர் ஒலியைச் சிதறவிடாமல் திருப்பி ஒரே இடத்தில் குவிக்கும். கரண்டியின் உட்பக்கம் வெளிச்சத்தைக் குவிப்பது போல. லண்டனிலேயே ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-இல் திறந்தபோது எதிரொலி பெரிய தலைவலியாகிவிட்டது. 1969-இல் கூரையிலிருந்து காளான் மாதிரித் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது ஓரளவு அடங்கியது.

ரவுண்ட்ஹவுஸில் சில விஷயங்கள் உதவிக்கு வருகின்றன. சுவருக்கு முன்னால் தூண்களும் பால்கனியும் நிற்பதால் ஒலி நேராகப் போய் வழவழப்பான வளைவில் மோதுவதில்லை. பெரும்பாலான கச்சேரிகளில் மேடையை நடுவில் போடாமல் ஒரு ஓரத்தில் போடுகிறார்கள். இன்றைய ஸ்பீக்கர் அடுக்குகளை எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் என்று குறிவைத்துத் திருப்ப முடியும். ஒலியைக் கூட்டத்தின்மேல் இறக்கிவிட்டு, சுவருக்குப் போவதைக் குறைக்கலாம். அப்புறம், 3,300 மனித உடம்புகள். மனிதர்களும் அவர்கள் போட்டிருக்கும் துணியும் நல்ல ஒலியுறிஞ்சிகள். மாலையில் காலி அரங்கில் ஒலி சரிபார்க்கும்போது கேட்பதும், ராத்திரி நிரம்பிய பிறகு கேட்பதும் ஒன்றாக இருக்காது.

பரீட்சைக்கு எழுத வேண்டுமென்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிம்பொனி அரங்கத்தில் ஒலி அடங்க சுமார் 2 விநாடி எடுத்தால் நன்றாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிடாரும் ஒலிபெருக்கியில் வரும் இடத்தில் அதில் பாதி போதும். குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகள் சீக்கிரம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அடி அடங்குமுன் அடுத்த அடி வந்து மோதி எல்லாம் களியாகிவிடும்.

கூரையில ஏழு அடுக்கு போட்டாங்களாமே, எதுக்கு அவ்வளவு?

அக்கம்பக்கத்தில் தூங்குகிறவர்களுக்காக. 1847-ஆம் ஆண்டுக் கூரை மழைக்கும் புகைக்கும் செய்தது. ராத்திரி 11 மணிக்கு பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதன் வழியாகச் சர்வசாதாரணமாக வெளியே போய்விடும். மறுசீரமைப்பில் ஏழு அடுக்கு ஒலித்தடுப்பு சேர்த்ததால்தான் எந்த நேரத்திலும் பயன்படுத்தத் தக்க கட்டடமாக அது மாறியது.

ஏன் ஒரு அடுக்கு போதாது என்றால், 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். திரையும் பஞ்சும் அதன் கண்ணுக்கே படாது. அதைத் தடுக்க எடை வேண்டும், எடைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். தோராயக் கணக்கில் சுவரின் எடையை இரு மடங்காக்கினால் 6 டெசிபல்தான் கூடுதலாகக் குறையும். வெறும் எடையால் மட்டும் சமாளிக்கப் போனால் பழைய தூண்கள் தாங்க வேண்டாமா? அதனால்தான் வேறு வேறு பொருள்களை அடுக்கடுக்காக வைப்பது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் இதெல்லாம் எதுவும் தெரியாது. மெலிந்த இரும்பும் அதன்மேல் கூரையும்தான் தெரியும்.

மேலே 3,000 பேர் குதிக்கும்போது கீழே பசங்க எப்படிப்பா ரெக்கார்ட் பண்றாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் என் தோழியின் மகள், வயது 13. கட்டடக்கலை மாணவர்கள் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

பழைய இன்ஜின் தளத்துக்குக் கீழே கனமான செங்கல் சுவர்கள் ஆரக்கால் போல விரிந்து, இடையிடையே வளைகூரை அறைகளை உண்டாக்குகின்றன. இன்ஜின்களின் எடையைத் தாங்கக் கட்டியது. 3,300 பேர் என்றால், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் சுமார் 215 டன். இன்ஜின்களுக்காகக் கட்டிய இடத்துக்கு அது பெரிய பாரமில்லை. கூட்டம் ஒரே தாளத்தில் குதிப்பதுதான் ஆபத்து. மெல்லிய எஃகுத் தளமாக இருந்தால் விநாடிக்கு இரண்டு மூன்று குதியல்களில் அதுவும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். தடித்த செங்கல் அப்படி லேசில் அசையாது.

ஒலிக்கு இது மட்டும் போதாது. இப்படிப்பட்ட இடங்களில் ஸ்டுடியோவைப் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுவது வழக்கம். உள்ளறையின் தரை ரப்பர் திண்டுகளின்மேல் மிதக்கும், உள்சுவர் வெளிச்சுவரைத் தொடாது. இடையில் ஒரே ஒரு ஆணி இரண்டையும் இணைத்தாலும் அந்த வழியாக அதிர்வு உள்ளே வந்துவிடும். ஆனாலும் பெரிய கச்சேரி நடக்கும்போது நுட்பமான ஒலிப்பதிவை யாரும் வேண்டுமென்றே வைத்துக்கொள்ள மாட்டார்கள். நேரத்தைப் பிரித்துக்கொள்வதும் ஒலித்தடுப்புதான்.

அந்தத் தூண்கள் மறைக்குதே. எடுத்திருக்கலாமே?

எடுத்தால் கூரை கீழே வந்துவிடும். அதற்கு மாற்று ஏற்பாடு செய்யலாம் என்றே வைத்துக்கொண்டாலும், மரபுச் சின்னத்தில் அது நடக்காது.

மறைப்பது உண்மைதான். பால்கனியில் சில இருக்கைகளிலிருந்து மேடையின் ஒரு பகுதி தெரியாது. டிக்கெட் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். ஆனால் எனக்கு அந்தத் தூண்கள் பிடிக்கும். தூணுக்கு உள்ளே கூட்டம், தூணுக்கு வெளியே கொஞ்சம் நிழலான நடைவெளி. 3,000 பேர் நடுவே மூச்சு முட்டினால் நாலடி பின்னால் வந்து தூணில் சாய்ந்து நிற்கலாம், பாட்டும் கேட்கும். வார்ப்பிரும்பு குளுகுளுவென்று இருக்கும். சதுரப் பெட்டியாகக் கட்டும் அரங்கங்களில் இப்படி ஒதுங்க இடம் கிடைப்பதில்லை.

என் பொண்ணுக்கு 15 வயசு, நல்லா பாடுவா. அவளைச் சேர்த்துப்பாங்களா? அது பாதுகாப்பான இடமா?

சேரலாம். 11 வயது முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு வயதுக்கு ஏற்ற திட்டங்கள் இருக்கின்றன: பாட்டு, கவிதை, ஒலிபரப்பு, சர்க்கஸ், இசைத் தயாரிப்பு. கட்டணத்தைக் குறைவாக வைப்பதே அவர்கள் கொள்கை. அவ்வப்போது மாறும் என்பதால் தொகையை இங்கே எழுதவில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன். ஸ்டுடியோக்கள் அடித்தளம் என்றதும் இருட்டுக் குகை என்று பல அம்மாக்கள் நினைத்துவிடுகிறார்கள். அறைகள் எல்லாம் ஒரு பொதுக்கூடத்தைச் சுற்றி இருக்கின்றன. வட்ட அமைப்பு அங்கே பெரிய உதவி: எந்த அறையிலிருந்து வந்தாலும் நடுவுக்குத்தான் வர வேண்டும், அங்கே ஆட்கள் இருப்பார்கள். டிரம்ஸ் பையனும் கவிதைப் பெண்ணும் அறிமுகமாவதும் அந்த நடுக்கூடத்தில்தான்.

இதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வருது?

ரவுண்ட்ஹவுஸ் ஒரு அறக்கட்டளை. மேலே நடக்கும் கச்சேரிகளின் வருமானமும் நன்கொடைகளும் கீழே நடக்கும் இளைஞர் பணிக்குப் போகின்றன. அதனால்தான் மாணவர்களிடம் தரைத்திட்டத்தை விட்டுவிட்டு வெட்டுத்தோற்றத்தை வரையச் சொல்கிறேன். தரைத்திட்டத்தில் அழகான வட்டம் ஒன்று வரும், அவ்வளவுதான். குறுக்கே வெட்டிப் பார்த்தால், மேலே சம்பாதிக்கும் இடம், அதற்கு நேர் கீழே வளரும் இடம் என்று கட்டடத்தின் கணக்குப்புத்தகமே தெரியும்.

2023-இல் பக்கத்திலேயே ரவுண்ட்ஹவுஸ் வொர்க்ஸ் என்று புதிய கட்டடம் ஒன்றைத் திறந்தார்கள். ரீட் வாட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 18 முதல் 30 வயதுக்காரர்கள் கலையைத் தொழிலாக நடத்தப் பழகும் இடம்.

பக்கத்துல புது அபார்ட்மென்ட் வந்து, குடிவந்தவங்க சத்தம்னு புகார் கொடுத்தா மூடிடுவாங்களா?

லண்டனில் பல சின்ன அரங்கங்களுக்கு அந்தக் கதி நேர்ந்திருக்கிறது. வாடகை, வரி எல்லாம் சேர்ந்து 2007 முதல் 2015 வரை நகரத்தின் சிறு இசை அரங்கங்களில் 35 சதவீதம் காணாமல் போயின. எனக்கு இதில் இன்னும் ஆறவில்லை. முதல் பாட்டைப் பாட ஒரு சின்ன மேடை இல்லாதவர் பெரிய மேடைக்கு எப்படி வருவார்?

இப்போது விதி மாறியிருக்கிறது. யார் புதிதாக வருகிறார்களோ அவர்கள்தான் ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கை 2018-இல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலும், 2021-இல் லண்டன் பெருந்திட்டத்திலும் இடம்பெற்றது. அரங்கத்தின் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் கனமான ஜன்னல் போட வேண்டும், படுக்கையறையை மறுபக்கம் திருப்ப வேண்டும். அரங்கத்துக்கும் கடமை இல்லாமல் இல்லை; அந்த ஏழு அடுக்கை மறக்க வேண்டாம்.

பழசை ஒட்டுப்போடறதுக்குப் புதுசா கட்டறது நல்லதில்லையா?

புதிதாகக் கட்டியதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் நெதர்லாந்தில் இருக்கின்றன. ஐந்தோவன் நகரத்தில் எஃபனார் என்ற இளைஞர் கூடம் 1971-இல் பழைய துணி ஆலையில் தொடங்கியது. 2005-இல் எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் அதற்குப் புதுக் கட்டடம் செய்தது. படிக்கட்டு, பார், ஒப்பனை அறை போன்ற சின்ன அறைகளை அடுக்கி அவற்றையே பெரிய அரங்கத்தைச் சுற்றி மதிலாக்கிவிட்டார்கள். ரவுண்ட்ஹவுஸின் ஒட்டுப்பகுதி செய்யும் அதே வேலைதான், அங்கே நான்கு பக்கமும். உட்ரெக்ட்டில் 2014-இல் திறந்த டிவோலி ஃப்ரேடன்பர்க் இன்னொரு வழி: கட்டடக்கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1979-இல் செய்த சிம்பொனி அரங்கத்தை வைத்துக்கொண்டு, ராக், ஜாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடங்களை ஒரே கூரைக்குள் சேர்த்தார்கள்.

ஒலியை மட்டும் பார்த்தால் புதிது ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேம்டனில் ஒரு பதினாறு வயதுப் பெண் முதல் தடவை மைக் முன்னால் நிற்கும்போது, அவளுக்கு மேலே இருக்கும் தரையில்தான் பிங்க் ஃப்ளாய்ட் நின்றது. அதைப் புதிதாகக் கட்டித் தர முடியாது.

கட்டடத்தையே வாத்தியமா வாசிச்சாங்கன்னு சொன்னீங்களே, அது நிஜமா?

நிஜம்தான். 2009 ஆகஸ்டில் இசைக்கலைஞர் டேவிட் பர்ன் அரங்கத்தின் நடுவில் ஒரு பழைய ஆர்கன் பெட்டியை வைத்தார். அதன் பின்பக்கத்திலிருந்து குழாய்களும் கம்பிகளும் கிளம்பித் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் போயின. சில கட்டைகளை அழுத்தினால் மோட்டார் ஓடி இரும்பு உத்தரம் உறுமும். சிலவற்றுக்குப் பழைய குழாய்களில் காற்றடித்துப் புல்லாங்குழல் போல ஒலிக்கும். சிலவற்றுக்குச் சுத்தியல் தூணைத் தட்டும். ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம்.

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். எங்கோ தூரத்தில் ஒரு தூண் டங், டங் என்றது. அவன் எழுந்து போய் எந்தத் தூண் என்று தேடினான். கண்டுபிடித்ததும் அதன்மேல் காதை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை அழுத்தும்படி என்னிடம் சைகை காட்டினான்.